கூட்டத்தின் தலைக்கு மேல் பறக்கவிட மாட்டோம்: விழாக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் எருது விடும் விழாக் குழுவினருக்கும், கோயில் திருவிழாக் குழுவினருக்கும், ஊர்ப் பெரியவர்களுக்கும், பேனர் கட்டுவது முதல் பந்தி பரிமாறுவது வரை எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுச் செய்யும் தம்பிமார்களுக்கும் வணக்கம்.

மார்கழி பிறந்தால், ரிமோட்டில் ஓடும் மாடல் விமானம் விடுகிற எங்களுக்குப் போன் வர ஆரம்பித்துவிடும். பர்கூர் பக்கம், வேப்பனப்பள்ளி பக்கம், காவேரிப்பட்டணம், பாலக்கோடு, அரூர் என்று எங்கிருந்து வந்தாலும் கேட்பது ஒன்றுதான். "அந்தப் பெரிய ரிமோட் பிளேனைக் கொண்டுவாங்கண்ணா. காளை அவுக்குறதுக்கு முன்னாடி கூட்டத்து மேல ரெண்டு ரவுண்டு. அப்படியே மேலேருந்து பூ கொட்டிடுங்க." கும்பாபிஷேகம் என்றால் கோபுரத்தைச் சுற்றி வரச் சொல்வார்கள். மாட்டோம் என்றால், "ஏண்ணா, பொம்மை பிளேன்தானே?" என்று வருத்தப்படுகிறார்கள். சிலர் காசு போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்துத் தொகையை ஏற்றுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் விளக்கம் சொல்லி மாளவில்லை. அதனால் எல்லோருக்கும் சேர்த்து ஒரே மடலாக எழுதிவிடுகிறேன்.

முதலில் அந்தப் "பொம்மை" என்ன என்று பார்த்துவிடலாம். இறக்கை 80 அங்குலத்துக்கு மேல் போனால் மாடல் விமானக்காரர்கள் அதை ஜெயன்ட் ஸ்கேல் என்பார்கள். நீங்கள் வீடியோவில் பார்த்துவிட்டுக் கேட்பது அந்த ரகம். இறக்கை ஏறத்தாழ 90 அங்குலம், எடை 8 கிலோ வாக்கில், முன்னால் 55 சிசி பெட்ரோல் என்ஜின், அதில் 22 அங்குல ப்ரொப்பெல்லர். நிமிடத்துக்கு 6,500 சுற்று சுற்றும்போது அந்த ப்ரொப்பெல்லரின் நுனி மணிக்கு 600 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் போகிறது. விமானம் சாதாரணமாகப் பறப்பதே மணிக்கு 90 கிலோமீட்டர், அதாவது ஒரு நொடிக்கு 25 மீட்டர். அந்த வேகத்தில் 8 கிலோ எதன்மேலாவது மோதினால், 50 கிலோ அரிசி மூட்டையை ஐந்து மீட்டர் உயரத்திலிருந்து ஒருவர் தலையில் போட்ட மாதிரி. மூட்டையாவது அகலமாக விழும். இதன் மூக்கில் ஒரு இரும்பு போல்ட்டும், பெரும்பாலும் ஓடிக்கொண்டே இருக்கும் ப்ரொப்பெல்லரும் இருக்கும்.

சின்ன ரிமோட் விமானத்தை அப்படியே இரண்டு மடங்கு பெரிதாக்கினால் இறக்கைப் பரப்பு நான்கு மடங்காகும், எடை எட்டு மடங்காகும். அதனால்தான் மாடியிலிருந்து தெர்மாகோல் விமானம் விட்ட அனுபவத்தை வைத்துக்கொண்டு இதை அளக்க முடியாது. பெரிய விமானம் காற்றில் நிதானமாக நிற்கும், பார்க்க நிஜ விமானம் போலவே இருக்கும். எங்களுக்கு அதில்தான் ஆசை. ஆனால் அது இறங்கக் கேட்கும் இடமும் பெரிது.

"காரிலிருந்து எடுத்தோமா, விட்டோமா என்று இருக்க வேண்டியதுதானே, ஒரு மணி நேரம் என்ன பண்ணுகிறீர்கள்?" என்பது அடுத்த கேள்வி. நியாயம்தான். வேடிக்கை பார்ப்பவர்களுக்கு அந்த ஒரு மணி நேரம் அலுப்பாகத்தான் இருக்கும். ஆனால் பத்திரம் என்பதில் பாதிக்கு மேல் அங்கேதான் இருக்கிறது. அதற்கும் முன்னால் வீட்டு மேசையில் நடக்கிற வேலை வேறு.

இப்போது இந்த விமானங்கள் பெரும்பாலும் முக்கால்வாசி முடிந்த நிலையில் பெட்டியில் வருகின்றன. பால்சா கட்டையிலும் மெல்லிய ப்ளைவுட்டிலும் லேசர் வைத்து வெட்டிச் செய்த உடல், மேலே சூட்டில் சுருங்கி ஒட்டும் படலம். ஃபேக்டரியில் ஒட்டியதுதானே என்று நம்பிவிடக் கூடாது. என்ஜின் மாட்டும் முன்பலகை எல்லா அதிர்வையும் வாங்குகிற இடம். அதன் மூட்டுகளைப் பார்த்து, சந்தேகம் இருந்தால் முப்பது நிமிடத்தில் இறுகும் எபாக்ஸி பசை போட்டு மறுபடி கெட்டிப்படுத்துகிறோம். இறக்கையில் ஆடும் பலகைகளான ஏலரானின் கீல்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்க்கிறோம். உலோகத்தில் ஏறும் போல்ட் எல்லாவற்றுக்கும், மரை கழலாமல் பிடிக்கும் பசையான லாக்டைட். பெட்ரோல் என்ஜின் அதிர்வில் லாக்டைட் இல்லாத போல்ட் கழன்றுவிடும், அது எப்போது என்பதுதான் தெரியாது. நம் ஊர் வெயிலில் காருக்குள் வைத்தால் மேல்படலம் பொங்கிச் சுருக்கம் விழும். அதற்கென்றே இருக்கும் சின்ன இஸ்திரிப்பெட்டியால் மறுபடி தேய்த்து ஒட்ட வேண்டும். சுருக்கம் அழகுப் பிரச்சினை மட்டும் என்றால் விட்டுவிடலாம். விளிம்பில் கிளம்பிய படலத்தைக் காற்று பிடித்து உரித்தால் அந்த இறக்கை பாதி வேலைதான் செய்யும்.

மைதானத்துக்கு வந்த பிறகு இரண்டு இறக்கைகளையும் உடலுக்குக் குறுக்கே போகும் கார்பன் குழாயில் செருகி, உள்ளிருந்து போல்ட் போடுகிறோம். பலகைகளை ஆட்டும் ஒவ்வொரு சர்வோ மோட்டாரின் வயரையும் இணைத்து, இழுத்தாலும் பிரியாதபடி கிளிப் மாட்டுகிறோம். ஏலரானையும், வாலில் ஆடும் பலகையான எலிவேட்டரையும் விரலால் ஆட்டிப் பார்க்கிறோம். அதில் லொடலொடப்பு இருந்தால் அன்றைக்குப் பறப்பது கிடையாது. லூசான பலகை வேகத்தில் படபடவென்று அடித்துக்கொள்ள ஆரம்பித்தால், இரண்டு மூன்று நொடிகளில் கீலோடு பிய்ந்து போய்விடும்.

அப்புறம் எடைமையம். பெட்ரோல் டேங்க் காலியாக இருக்கும்போது, இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அதன் சராசரி அகலத்தில் கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையில், அந்த விமானத்தின் கையேடு சொல்லும் இடத்தில் விரல் வைத்துத் தூக்கினால் விமானம் மட்டமாக நிற்க வேண்டும். மூக்கு கொஞ்சம் கனத்தால் சமாளிக்கலாம். வால் கனத்தால் தரையை விட்டு எழுந்த நொடியிலிருந்தே அது உங்கள் பேச்சைக் கேட்காது.

விமானத்துக்குள் சிக்னலை வாங்கும் ரிசீவருக்கு இரண்டு பேட்டரி. ஒன்று போனாலும் மற்றது தாங்கும். பிறகு திசை பார்ப்பது. கையில் இருக்கும் ரிமோட்டின் குச்சியை வலதுபக்கம் தள்ளினால் வலது ஏலரான் மேலே போக வேண்டும். கேட்க சின்னப்பிள்ளைப் பாடம் போல இருக்கும். புதிதாகச் செய்த விமானம் முதல் பத்து நொடியில் உடைவதற்குப் பழைய காரணங்களில் ஒன்று இது தலைகீழாக இருப்பதுதான். அதனால் ஒருவர் குச்சியை ஆட்ட, இன்னொருவர் விமானத்தின் பின்னால் நின்று வாய்விட்டுச் சொல்வார். ரேடியோவின் வலுவைக் குறைத்து வைத்துவிட்டு முப்பது அடி எடுத்துவைத்துத் தள்ளிப் போய் சிக்னல் நிற்கிறதா என்று பார்ப்போம். இதை என்ஜினை நிறுத்தியும் ஓடவிட்டும் இரண்டு தடவை செய்ய வேண்டும். கடைசியாக ட்ரான்ஸ்மிட்டரை, அதாவது கையில் இருக்கும் அந்த ரிமோட்டை, வேண்டுமென்றே அணைத்துப் பார்ப்பது. அணைத்ததும் என்ஜின் தானாகத் தணிய வேண்டும். இதற்குப் பெயர் ஃபெயில்சேஃப். என்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது ஒருவர் வாலைப் பிடித்திருப்பார். மற்ற எல்லோரும் ப்ரொப்பெல்லருக்குப் பின்னால். செல்ஃபி எடுக்க முன்னால் வருகிற தம்பியை நாங்கள் கொஞ்சம் கடுமையாகத்தான் பேசுவோம், கோபித்துக்கொள்ளக் கூடாது.

இவ்வளவும் செய்கிறீர்களே, பிறகென்ன பயம் என்று கேட்பீர்கள். இவ்வளவும் செய்தாலும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. இந்த நொடியில் என்ஜின் நின்றால் விமானம் எங்கே இறங்கும்? பறக்கும்போது ஒவ்வொரு நொடியும் இதற்கு ஒரு பதில் கையில் இருக்க வேண்டும். காலி ஏரிக்கு மேல் என்றால் பதில் சுலபம். ஐம்பது மீட்டர் உயரத்தில் என்ஜின் நின்றாலும், காற்றைப் பொறுத்து இருநூறு முந்நூறு மீட்டர் மிதந்து வந்து தரையில் உட்காரும். ஐயாயிரம் பேர் தோளோடு தோள் நிற்கிற இடத்துக்கு மேல் அதே கேள்விக்கு என்ன பதில்? ஃபெயில்சேஃப் என்ஜினைத் தணிக்கும், அவ்வளவுதான். 8 கிலோ எடையைக் காற்றில் நிறுத்தி வைக்காது.

கூட்டம் என்பதே ரேடியோவுக்கும் தொல்லை. எங்கள் ரேடியோ வேலை செய்வது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில். உங்கள் வைஃபையும் ப்ளூடூத்தும் அதே இடத்தில்தான். ஆயிரக்கணக்கான போன்கள் கூடிய இடத்தில் அந்த அலைவரிசையில் சந்தைக்கடை இரைச்சல். மனித உடம்பில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால் இந்த அலையை நன்றாக உறிஞ்சிவிடும். கூட்டத்துக்கு நடுவே நின்று ஓட்டினால் எனக்கும் விமானத்துக்கும் நடுவில் ஒரு மனிதச் சுவர்.

இப்போது பூவுக்கு வருகிறேன். எல்லோரும் ஆசைப்படுவது அதற்குத்தான். உங்கள் யோசனையில் ரொம்பவும் ஆபத்தான பகுதியும் அதுதான்.

பூ கூட்டத்தின் மேல் சரியாக விழ வேண்டும் என்றால் விமானம் தாழ்வாகவும் மெதுவாகவும் போக வேண்டும். ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு குறைந்தபட்ச வேகம் உண்டு. அதற்குக் கீழே போனால் இறக்கை தாங்காது. இதை ஸ்டால் என்பார்கள். நான் சொன்ன அளவு விமானத்துக்கு அது மணிக்கு 40 கிலோமீட்டர் வாக்கில் வரும். அடியில் பெட்டி கட்டி ஒரு கிலோ பூ ஏற்றினால் அந்த வேகம் கொஞ்சம் ஏறும். பெட்டி எடைமையத்துக்கு நேர் கீழே இல்லையென்றால் பூ கொட்டிய நொடியில் விமானத்தின் சமநிலையே மாறும். அடுத்தது திரும்புவது. விமானம் 60 டிகிரி சாய்ந்து திரும்பும்போது இறக்கை இரண்டு மடங்கு எடையைச் சுமக்கிறது. ஸ்டால் வேகம் 40-லிருந்து 56-க்குப் போய்விடும். "கோபுரத்தை ஒட்டி ஒரு சின்ன ரவுண்டு" என்று நீங்கள் கேட்பது இதைத்தான். பாரம் ஏற்றி, தாழ்வாக, மெதுவாக, இறுக்கமாகத் திரும்புவது. அந்த நிலையில் ஒரு பக்க இறக்கை மட்டும் முதலில் கைவிட்டால் விமானம் அந்தப் பக்கமாகக் கவிழ்ந்து மூக்கு குத்தி இறங்கும். மீட்டெடுக்க உயரம் வேண்டும். நாமோ பூவுக்காக அந்த உயரத்தை முன்பே விட்டுக்கொடுத்திருப்போம்.

நடக்காததைச் சொல்லிப் பயமுறுத்துகிறேன் என்று நினைக்க வேண்டாம். 1979 டிசம்பர் 9 அன்று நியூயார்க்கின் ஷே ஸ்டேடியத்தில், அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தின் இடைவேளையில் ரிமோட் விமானக் காட்சி வைத்தார்கள். புல்வெட்டும் இயந்திரத்தின் வடிவத்தில் செய்த ஒரு மாடல் கட்டுப்பாட்டை இழந்து பார்வையாளர் வரிசையில் போய் விழுந்தது. ஆட்டம் பார்க்க வந்த இளைஞர் ஒருவர் இறந்தார், இன்னொருவர் காயப்பட்டார். ஓட்டியவர்கள் புதியவர்கள் அல்ல, காட்சிக்கென்றே வந்த குழு.

காளைகளையும் மறந்துவிட வேண்டாம். 55 சிசி டூ ஸ்ட்ரோக் என்ஜின் தலைக்கு மேல் அலறினால் வாடியில் நிற்கும் காளை என்ன செய்யும் என்று என்னைவிட உங்களுக்குத் தெரியும். காளை ஓடும் பாதைக்கு இரண்டு பக்கமும் தட்டி கட்டுகிறீர்கள், கட்டாவிட்டால் விழாவுக்கு அனுமதியே கிடையாது. வானத்தில் எங்கே தட்டி கட்டுவது?

"அனுமதியெல்லாம் நாங்க பாத்துக்குறோம், மேலே பேசியாச்சு" என்று சொல்கிறவர்களுக்காகச் சட்டத்தையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 2021 ஆகஸ்டில் மத்திய அரசு ட்ரோன் விதிகளைக் கொண்டுவந்தது. பெயரில் ட்ரோன் என்று இருந்தாலும் ஆள் இல்லாமல் பறக்கும் விமான வடிவங்களும் அதற்குள் வரும். 25 கிலோவுக்கு மிகாமல், கல்வி, ஆராய்ச்சி, சோதனை, பொழுதுபோக்கு போன்றவற்றுக்கு மட்டும், கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள் ஓட்டுவதை மாடல் என்று வகைப்படுத்தி, சில சலுகைகள் கொடுத்திருக்கிறார்கள். காசு வாங்கிக்கொண்டு நிகழ்ச்சி நடத்தினால் அது பொழுதுபோக்கா என்று கேட்க யாருக்கும் உரிமை உண்டு. நாங்கள் கூலி வாங்காததற்கு அதுவும் ஒரு காரணம். அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில் பச்சை மண்டலமாக இருக்கும் இடத்தில் 120 மீட்டர் உயரம் வரை பறக்கலாம். விமான நிலையங்களைச் சுற்றி அனுமதி இல்லாமல் பறக்க முடியாத மஞ்சள், சிவப்பு மண்டலங்கள் உண்டு. ஓசூர் பக்கத்துக் குழுவினர் பேளகொண்டப்பள்ளியில் விமான ஓடுதளம் இருப்பதை நினைவில் வைத்து, வரைபடத்தைப் பார்த்த பிறகே பேச்சைத் தொடங்க வேண்டும். இன்னொன்று உங்களுக்கு மிக முக்கியம். தேவை வந்தால் மாநில அரசு ஒரு இடத்தை 96 மணி நேரம் வரை தற்காலிகச் சிவப்பு மண்டலமாக அறிவிக்கலாம். விழாவுக்கு அமைச்சரைக் கூப்பிட்டிருந்தால் நேற்றுவரை பச்சையாக இருந்த ஊர் அன்று காலை சிவப்பாகியிருக்கலாம். வண்டிக்கு இருப்பதுபோல இதற்கும் மூன்றாம் நபர் காப்பீடு பற்றி அந்த விதிகளிலேயே இருக்கிறது. நோட்டீஸில் எங்கள் படத்தை அச்சடிப்பதற்கு முன்னால் அதைப் பற்றியும் ஒரு வார்த்தை கேளுங்கள். மற்றபடி, மேலே யாரிடம் பேசினாலும் விமானத்தின் ஸ்டால் வேகம் குறையப் போவதில்லை.

"அப்போ நாலு விசிறி வச்ச ட்ரோன்காரங்க மட்டும் பண்றாங்களே?" பண்ணுகிறார்கள். நான்கு மோட்டார் ட்ரோனில் ஒரு மோட்டார் நின்றாலும் பெரும்பாலும் கல் மாதிரிதான் விழும். அவர்களிடமும் இதே கேள்விகளைக் கேளுங்கள் என்பதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை.

சரி, மறுப்பை மட்டும் எழுதி அனுப்ப எனக்கும் மனசில்லை. பிள்ளைகள் பார்க்க வேண்டும். பால்சாக் கட்டையும் ஒரு ஸ்பூன் எபாக்ஸியும் காற்றில் எழுவதைப் பார்த்துவிட்டு இரண்டு பேராவது வீட்டில் பேப்பரை மடித்து ஆரம்பிப்பார்கள். அதனால் நாங்கள் வருகிறோம், இலவசமாகவே வருகிறோம். விழா நடக்கும் திடலில் மட்டும் வேண்டாம். விழாவுக்கு முந்தின நாள் காலை, ஊருக்கு வெளியே வேறு இடத்தில் வைத்துக்கொள்வோம்.

எங்களுக்கு வேண்டியது தண்ணீர் வற்றிய ஏரி, அல்லது அறுவடை முடிந்து யாரும் நடமாடாத பெரிய மேட்டுநிலம். சீமைக்கருவேலம் மண்டிய ஏரி உதவாது. நூறு மீட்டர் நீளம், பதினைந்து மீட்டர் அகலத்துக்குத் தரை மட்டமாக இருந்தால் போதும், கல் பொறுக்க நாங்களும் கைகொடுக்கிறோம். பக்கத்தில் மின்கம்பி கூடாது. உயர் அழுத்தக் கோபுரம் தூரத்தில் இருக்கிறதே என்று சமாதானம் சொல்லாதீர்கள், ஆகாயத்தில் தூரம் கணிக்கக் கண்ணுக்கு வராது. கோபுரத்துக்குப் பின்னால் போகிறதா முன்னால் போகிறதா என்பது முட்டிய பிறகுதான் தெரியும். ஓடுதளத்துக்கு அந்தப் பக்கம் முந்நூறு மீட்டருக்கு வீடு, ரோடு, கிணற்று மேட்டில் ஆள் என்று எதுவும் இருக்கக் கூடாது.

பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரே பக்கம். தை மாதம் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். அதனால் தென்கரையில் நின்று வடக்கே பார்ப்பதுபோல இடம் அமைத்தால் எங்கள் கண்ணும் கூசாது, உங்கள் கண்ணும் கூசாது. அந்த மாதத்தில் காற்று பெரும்பாலும் கிழக்கிலிருந்து வரும் என்பதால் ஓடுதளமும் கிழக்கு மேற்காகப் பொருந்திவிடும். ஓட்டுபவர் நிற்கும் கோட்டுக்குப் பின்னால் நன்றாகத் தள்ளி ஒரு கயிறு. கயிற்றுக்குப் பின்னால்தான் ஜனம். விமானம் ஒருபோதும் அந்தக் கோட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வராது. தாண்டுவது போலத் தெரிந்தால் விமானத்தைத் தரையில் குத்தி உடைத்துவிடுவோம், அதற்காக யாரிடமும் நஷ்டம் கேட்க மாட்டோம். ஓட்டுபவருக்குப் பக்கத்தில் வானத்தையும் தரையையும் பார்த்துச் சொல்ல ஒரு ஆள் எப்போதும் நிற்பார். பருந்து வட்டமிட்டாலோ ஆட்டு மந்தை இறங்கினாலோ அவர் சொன்னதும் இறக்கிவிடுவோம். ஆடி மாதத் திருவிழாக்காரர்கள் மன்னிக்க வேண்டும். அந்தக் காற்றில் பெரும்பாலான நாட்கள் நாங்கள் பெட்டியைத் திறக்கவே மாட்டோம்.

உங்கள் தரப்பில் பொறுப்பான பத்து ஆட்கள் வேண்டும், கயிற்றை ஒட்டி நிற்க. எங்களுக்கு மிகப் பெரிய பயம் விமானம் பறக்கும்போது கூட இல்லை. இறங்கி ஓடிக்கொண்டிருக்கும்போது, தொட்டுப் பார்க்கும் ஆசையில் பிள்ளைகள் ஓடிவருவார்கள். ப்ரொப்பெல்லர் நிற்காமல் சுற்றும்போது அது கண்ணுக்கே தெரியாது. என்ஜின் நின்று, நாங்கள் கை காட்டிய பிறகு எல்லோரும் வரலாம், தொடலாம், எத்தனை படம் வேண்டுமானாலும் எடுக்கலாம். மைக்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். விமானம் இறங்கும்போது பாட்டை நிறுத்திவிட வேண்டும். என்ஜின் சத்தத்தைக் காதால் கேட்டுத்தான் நாங்கள் பாதி ஓட்டுகிறோம்.

தீயணைப்பானும் மணல் வாளியும் நாங்கள் கொண்டு வருவோம். போலீஸ் ஸ்டேஷனுக்கு எழுத்தில் தகவல் கொடுக்கும்போது குழுவிலிருந்து ஒருவர் எங்களோடு வந்தால் நல்லது. பொன்னாடை வேண்டாம். காலை டிபன் போதும்.

பூவை அர்ச்சகர் கையாலேயே போட்டுக்கொள்ளலாம். தை முதல் வாரத்துக்குள் இடத்தைக் காட்டினால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து நடந்து பார்க்கிறோம். மின்கம்பி எந்தப் பக்கம் போகிறது என்பதை மட்டும் முன்கூட்டியே படம் எடுத்து அனுப்பிவிடுங்கள், வீணாக அலைய வேண்டாம்.

இப்படிக்கு,
கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கத்து மாடல் விமானக்காரர்களில் ஒருவன்